குற்றம் சிறிது, தண்டனை பெரிது: வலியக் கைதாவதன் அரசியல் பயன்

வலியச் சென்று கைதாவது ஓர் இயக்கத்தை வளர்க்குமா, கரைக்குமா? சிறை நிரம்பினால் அரசு பணியும் என்பார் ஒரு சாரார். சட்டத்தை மீறினால் பொதுமக்கள் முகம் சுளிப்பர் என்பார் மறு சாரார். இரண்டு விடைகளும் வரலாற்றுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. செய்த செயலுக்கும் பெற்ற தண்டனைக்கும் இடையே, ஒதுங்கி நின்று பார்ப்பவர் கண்ணில் படும் ஏற்றத்தாழ்வே கைதின் பயனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1938: பார்வையாளரை ஈர்த்த கைது

1938 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி இராஜாஜியின் காங்கிரஸ் அரசு ஆணையிட்டது. எதிர்த்தவர்கள் பள்ளி வாசலிலும் இராஜாஜி வீட்டு முன்பும் நின்று முழக்கமிட்டனர். அவர்கள்மேல் பாய்ந்தது குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. பதவிக்கு வருமுன் இதே சட்டத்தை அடக்குமுறைச் சட்டம் என்று கண்டித்தவர்கள் காங்கிரசார். 1,198 பேர் கைதாயினர். 1,179 பேர் தண்டனை பெற்றனர். சிறை சென்ற 73 பெண்களோடு 32 குழந்தைகளும் உள்ளே போயின. பெண்களைச் சட்டம் மீறத் தூண்டியதாகப் போராட்டத் தலைவர் பெரியாருக்கு ஓராண்டுக் கடுங்காவலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறை சென்ற தொண்டர்களில் 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் தண்டனைக் காலத்திலேயே உயிரிழந்தனர்.

இத்தனைக்கும் இராஜாஜி இறங்கிவரவில்லை. உலகப் போர்ச் சிக்கலில் அவரது அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியது. ஆணையை 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் திரும்பப் பெற்றார். ஆகவே, சிறை நிரம்பியதால் அரசு பணிந்தது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆதாயம் வேறிடத்தில் விளைந்தது. வாசலில் நின்று கோஷம் போட்டதற்கா கைக்குழந்தையோடு ஜெயில் என்ற கேள்வி, மொழிச் சிக்கலில் அதுவரை நாட்டமில்லாதவரையும் தொட்டது. 1937 தேர்தலில் தோற்றுத் துவண்டிருந்த, ஜமீன்தார்களின் கட்சி என்று பேர் வாங்கிய நீதிக்கட்சி, 1938 டிசம்பரில் சிறையிலிருந்த பெரியாரையே தலைவராக்கியது. மேட்டுக்குடி அரசியல் வெகுமக்கள் அரசியலாக மாறிய திருப்பங்களில் இது ஒன்று.

1957: இறுகிய வட்டம்

அரசியல் சட்டத்தில் சாதிக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவுகளை எதிர்த்து 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் திராவிடர் கழகத்தினர் அதன் நகலை எரித்தனர். போராட்ட அறிவிப்புக்குப் பின் சென்னை சட்டமன்றம் அவசரமாகக் கொண்டுவந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், மூன்றாண்டு வரை சிறை என்றது. ஆயிரக்கணக்கானோர் சிறை ஏகினர்; சிலர் உயிரோடு திரும்பவில்லை. தியாகத்தில் இது 1938-க்கு இளைத்ததன்று. ஆயினும் குடியரசாகி எட்டாண்டுகூட நிறையாத நாட்டில், அரசியல் சட்டத்தைக் கொளுத்துவதே பெருங்குற்றம் என்று கழகத்துக்கு வெளியே பலர் எண்ணினர். அவர்களுக்குத் தண்டனை மிகையாகப் படவில்லை. உள்ளே இருந்தவர்களின் பற்று இறுகியது, வட்டம் விரியவில்லை.

தண்டனையைச் சுருக்கும் அரசு

இந்த ஏற்றத்தாழ்வை அரசும் கணக்கிடக் கற்றுக்கொண்டது. 1961-62இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் சிறை நிரப்பக் கிளம்பியபோது, காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் பொது இடத்தில் தடியெடுக்கவே காவலரை விடவில்லை. சுற்று வட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசிவைத்தார். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன மார்ட்டின் லூதர் கிங்குக்காக யாரோ பணம் கட்ட, விருப்பமில்லாமலே அவர் வெளியே வரவேண்டியதாயிற்று. இயக்கம் அங்கே பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியது. 1963 மே மாதம் பர்மிங்காமில் காவல்துறைக்குப் பொறுப்பான ஆணையர் புல் கானர், இதேபோல் கைதாக வந்த மாணவர்கள்மீது நாய்களை ஏவி, தண்ணீரைப் பீய்ச்சியடித்தபோது நிலைமை தலைகீழானது. சில நாட்களில் உடன்பாடு வந்தது. உத்தி ஒன்றே; காவல்துறை நடந்துகொண்ட விதம் வேறு.

தமிழ்நாட்டில் பிரிட்செட்டின் வேலையைக் கல்யாண மண்டபம் செய்கிறது. மறியல் செய்தவர்களைக் காலையில் வேனில் ஏற்றி மண்டபத்தில் இறக்குவார்கள். பெயரும் முகவரியும் எழுதிக்கொள்வார்கள். மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வரும். மாலையில் விடுவிப்பார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இத்தனை பேர் கைது என்று நாலு வரி. பார்ப்பவர் மனத்தில் உறுத்த இதில் ஏதுமில்லை.

ஆனால் தண்டனை முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. மண்டபத்தில் எழுதிய பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டால், பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும். கட்சித் தலைவருக்கு வழக்கு ஒரு பெருமை; வேலை தேடும் பட்டதாரிக்கு அது ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைச்சல். ஏற்றத்தாழ்வு இங்கும் உண்டு. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஓர் எதிர்வாதம்

இவ்வாதத்தை ஏற்றால், அரசின் கொடுமையையே இயக்கம் விரும்ப வேண்டியதாகாதா? கூடுதல் அனுதாபத்துக்காகக் குழந்தைகளை முன்னே நிறுத்தத் தலைவர்கள் துணிவார்களே? நியாயமான அச்சம்தான்; பர்மிங்காமில் இக்கண்டனம் வெளிப்படையாகவே எழுந்தது. ஆனால் கொடுமையை வரவழைப்பது ஒன்று, நேர்ந்த கொடுமையைப் பொதுவெளியில் வைப்பது வேறு. இன்றைய மண்டபக் கைதுகளில் இரண்டாவது வேலைதான் நடப்பதில்லை. மாலையோடு போராட்டம் முடிந்ததாகக் கொள்ளாமல், வழக்குகளைப் பட்டியலிட்டு, வழக்கறிஞர் வைத்து, பாதிக்கப்பட்டோரின் கதையை ஊரறியச் சொல்லும் அமைப்புக்கே கைதால் பயன் உண்டு. அதற்கு வக்கில்லாத இயக்கம் தொண்டரைக் கைதாகச் சொல்வது, அவர் பேரில் கடன் வாங்கி அவரையே கட்டச் சொல்வதாகும்.