வட சென்னை அடுப்பு

மூலக்கொத்தளம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியின் வீடுகளில் சுமார் இருநூறு ஆண்டுகளாகப் புழங்கிவந்த சமையல் அடுப்புகளும் அவற்றின் எரிபொருள்களும் இக்கட்டுரையின் பொருள். விறகடுப்பு, குமுட்டி, மரத்தூள் அடுப்பு, திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ், கேஸ் என்று பட்டியலிட்டால் தமிழ்நாட்டின் எந்த நகரத்துக்கும் இது பொருந்தும். வட சென்னையை வேறுபடுத்துவது ஒன்றுதான். இங்கே அடுப்பைத் தேர்ந்தெடுத்ததில் வீட்டுக்காரருக்கு இருந்த பங்கைவிடக் கால்வாய்க்கும் ரயிலுக்கும் மரவாடிக்கும் எண்ணெய்க் கிடங்குக்கும் இருந்த பங்கு பெரிது. சுற்றியிருந்த தொழில்கள் எதைக் கொண்டுவந்து இறக்கினவோ, எதைக் கழித்துப் போட்டனவோ, அதற்கேற்ற அடுப்பு வீட்டுக்குள் வந்தது.

குளிர்நாடுகளில் அடுப்பு என்பது முதலில் வீட்டைச் சூடாக்கும் பொருள். சுவரில் குடைந்த கணப்பில் விறகை எரித்தால் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்பதைக் கண்டு, 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்புத் தகடுகளால் ஆன கணப்பு ஒன்றை வடிவமைத்தார். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் வாயையும் தொண்டையையும் குறுக்கினார். பழைய கணப்புக்குள் செருகி வைக்கும் இன்றைய மூடிய இரும்பு அடுப்பு அந்த வழியில் வந்ததுதான். தமிழ்நாட்டில் அதற்கு உறவான கணப்புகளைப் பார்க்க உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். வாடைக்காலத்தில் தீக்காயும் பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. நெடுநல்வாடையிலேயே ‘தடவு’ என்னும் கணப்புச்சட்டி வருகிறது. ஆனால் கடலோரச் சென்னையில் வீட்டைச் சூடாக்க யாரும் அடுப்பு வாங்கியதில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் அடுப்பின் சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் கவலை. பாதி நாள் அடுப்பு வாசலுக்கு வந்துவிடும்.

சமையலுக்கல்லாமல் சூட்டுக்கென்றே நெருப்பு வைத்த விலக்குகள் இரண்டு. பிள்ளை பெற்றவளின் அறையில் வைக்கும் தணல் சட்டி ஒன்று. மற்றது வெந்நீர் போடும் செம்புப் பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி, சுற்றிலும் தண்ணீர். நெருப்பைப் பாத்திரத்துக்கு அடியில் மூட்டாமல் உள்ளேயே செருகிவிடுகிற ஏற்பாடு. பிராங்க்ளின் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

கால்வாயும் விறகும்

ஐதர் அலியின் படை 1769இல் பரங்கிமலை வரை வந்து திரும்பிய பிறகு, கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. கட்டும் குத்தகை பால் பென்ஃபீல்டுக்குக் கிடைத்தது. மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே மூலக்கொத்தளம் என்னும் பெயருக்குக் காரணம் என்பர். மதிலுக்கு வரி விதிக்க நினைத்ததன் எச்சமாக வால்டாக்ஸ் சாலை என்ற பெயரும் அருகிலேயே நிற்கிறது. இந்தி எதிர்ப்புப் போரில் 1939இல் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரும் அடக்கமான இடம் என்பதால் மூலக்கொத்தளத்தைத் தமிழ்நாடு அறியும். அடுப்பின் வரலாற்றில் அதன் முக்கியத்துவம் வேறு: விறகு வந்து இறங்கிய கரைக்கும் மரம் அறுத்த தெருவுக்கும் நடுவில் அது இருந்தது.

பேசில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாய் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை போனது. பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டதும், அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்தேக்கமே பேசின் பிரிட்ஜுக்குப் பெயர் தந்த ‘பேசின்’. வடக்கிலிருந்து உப்பும் நெல்லும் சவுக்குக் கட்டையும் இந்த வழியாக வந்தன. கடற்கரை மணலில் சவுக்கு பயிரிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியதே நகரத்தின் விறகுப் பசிக்காகத்தான். நேராக வளரும், எளிதாகப் பிளக்கும், நின்று எரியும். விறகுத் தொட்டிகளில் எடை போட்டு விற்றார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் சுள்ளியும் பட்டையும் பொறுக்கினார்கள்.

விறகுக்கு அடுப்போடு போட்டிக்கு வந்தது ரயில். இராயபுரம் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரயில்வேயின் தொடக்ககால எஞ்சின்கள் விறகில் ஓடியவை. அதே 1856இல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். காடு அழிவதைப் பற்றிய கவலையும் காட்டை எரித்து ஓடும் வண்டியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. பிறகு எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின. அப்போதும் அடுப்புக்கு ஒரு பங்கு கிடைத்தது: ரயில் தடத்தோரச் சாம்பல் மேடுகளில் பாதி எரிந்த கரியைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கினார்கள். நீராவி எஞ்சின் மறைந்ததோடு அந்த வரத்தும் நின்றது.

அடுப்புகள் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டைக் குயவர்களிடமிருந்து வந்தன. ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வைக்கும் கொடியடுப்பு அவற்றில் அறிவுள்ள வடிவம்: முன்வாயில் சோறு பொங்க, பக்கத்துத் துளையில் மிச்சச் சூட்டில் குழம்பு. கரிக்குக் குமுட்டி. இரும்பு வாளியிலோ மண்ணிலோ செய்து, நடுவில் கம்பித் தட்டு வைத்து, கீழே விசிறக் கதவு விட்டிருக்கும். புகை குறைவு, தூக்கி வைக்கலாம், மழை வந்தால் உள்ளே, புழுங்கினால் வெளியே. நெய்வேலி நிறுவனம் 1960களில் பழுப்பு நிலக்கரியைக் கருக்கி ‘லீகோ’ என்ற பெயரில் வில்லைகளாக விற்றது. குமுட்டிக்கு அது தோதான கரி. பற்ற வைப்பது பாடு, பற்றிக்கொண்டால் அணைப்பது பாடு.

மரத்தூள் அடுப்பு

வால்டாக்ஸ் சாலையின் மரவாடிகளும் அறுப்பு ஆலைகளும் கழித்த தூளை எரிப்பதற்கென்றே ஆன அடுப்பு இது. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இல்லை, இருக்க வேண்டியது. ஒரு தகர டின். பக்கவாட்டில், அடியோரம் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கட்டையைப் படுக்கையாகச் செருக வேண்டும். மேலிருந்து ஓர் உருட்டுக் கட்டையை, அல்லது சோடா பாட்டிலை, நட்ட நடுவில் நிறுத்த வேண்டும். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு கட்டைகளை மெல்லத் திருகி உருவினால், தூளுக்குள்ளேயே ‘ட’ வடிவில் ஒரு காற்றுவழி நிற்கும். கீழ்வாயில் சிறு சுள்ளியைக் கொளுத்தி வைத்தால் போதும். தீ உள்சுவரைத் தின்றுகொண்டே வெளியே நகரும்.

கெட்டிப்பதில்தான் கைப்பக்குவம். தளர்வாக இருந்தால் தூள் சரிந்து வழி அடைத்து, வீடெல்லாம் புகை. அளவுக்கு மீறி இறுகினால் தீ ஏறாது. ஈரத்தூள் என்றால் சொல்லவே வேண்டாம். சரியாக அமைந்த டின் ஒருவர் கையே படாமல் இரண்டு மூன்று மணி நேரம் எரியும். காலையில் ஏற்றிவிட்டால் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்கு வெந்நீர் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். நடுவில் அணைத்து மறுபடி கொளுத்துகிற பேச்சு கிடையாது. அடுப்பு வைத்த நேரத்துக்குள் சமையலை அடக்கியாக வேண்டும். அகலமான கணப்பு சூட்டை வீணாக்குகிறது, குறுகிய வழியில் இழுக்கும் காற்றே தீயைச் சீராக்குகிறது என்று ரம்ஃபோர்டு சொன்னதை, ஒரு சோடா பாட்டில் செய்து காட்டியது.

மரத்தூள் அடுப்பு புழங்கிய காலத்தில் அரசும் அறிவியலாளரும் வேறு அடுப்பைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, கோடானுகோடி மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற கருத்தில் எழுதிய நூல் 1953இல் சென்னையிலிருந்தே, கிறித்துவ இலக்கியச் சங்க வெளியீடாக வந்தது. மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 1983 முதல் சுமார் இருபது ஆண்டுகள் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா ஒலை’ அடுப்பும் அந்தக் காலத்ததே. ஆனால் இந்த வடிவங்களெல்லாம் சொந்த நிலமும் சுவரும் உள்ள கிராமத்து வீட்டை மனதில் வைத்தவை. ஓலைக் கூரை ஒன்றோடொன்று உரசும் குடிசை வரிசையில் கூரையைத் துளைத்துச் சூடான புகைக்குழாய் விடுவது தெருவுக்கே தீ வைப்பதற்குச் சமம். வாடகைக் குடிசையில் மண்ணில் பதித்த அடுப்பை, காலி செய்யும்போது எடுத்துப் போகவும் முடியாது. டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம்.

கிருஷ்ணாயில்

ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வாரிசு பம்ப் ஸ்டவ். கிருஷ்ணாயில் எனப்படும் மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி ஆவியாக்கி எரிப்பதால் நீலச்சுடர், பாத்திரத்தில் கரியில்லை. இரைச்சல் மட்டும் உண்டு. துளை அடைத்தால் குத்த ஒரு பின், காற்று இறங்கினால் மாற்ற ஒரு வாஷர். திரி ஸ்டவ் சத்தமில்லாதது, மலிவானது, நாற்றமுள்ளது. 1970களின் பிற்பகுதியில் இந்தியன் ஆயில் ஆய்வு மையம் கொண்டுவந்த ‘நூதன்’ ஸ்டவ் குறைந்த எண்ணெயில் கூடுதல் சூடு தந்தது. எண்ணெய்க் கிடங்குகள் தண்டையார்பேட்டையில் இருந்தும், அந்தப் பேட்டைக்காரர் ரேஷன் கடையில் கேனோடு வரிசையில்தான் நின்றார். அதே தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடிக் குழாய்க் கசிவால் கிணற்றிலும் அடிபம்பிலும் எண்ணெய் கலந்த நீர் வந்தபோது, பழைய ஆட்கள் அந்த வரிசையை நினைத்திருப்பார்கள்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றி எழுதும்போது ‘ஸ்டவ் வெடித்து’ என்று தொடங்கும் செய்திகளைத் தாண்டிப் போக முடியாது. அழுத்தம் மீறிய தொட்டி, தரமற்ற பித்தளை, நைலக்ஸ் சேலை என்று விபத்துக்கு உண்மையான காரணங்கள் இருந்தன. எண்பதுகளில் நாடெங்கும் அந்தச் சொற்றொடர் மருமகள்களின் சாவை மூடும் போர்வையாகவும் இருந்தது. மணமான பெண்ணைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணைச் சாவு பற்றிய 304பி பிரிவு 1986இலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு சென்னைக்காரர்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் பெயராயிற்று.

சிலிண்டர்

பர்மா ஷெல் 1955இல் பம்பாயில் சமையல் எரிவாயுவை விற்கத் தொடங்கியது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969இல் உற்பத்தியைத் தொடங்கியதும் எரிவாயு வட சென்னையிலேயே பிறந்தது. ஆலையின் தீக்கொழுந்து இரவில் திருவொற்றியூர் மாடிகளிலிருந்து தெரியும். இணைப்புக்கோ அந்நாளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அல்லது எம்.பி.யின் சிபாரிசு வேண்டியிருந்தது. குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைந்து அடுக்கு வீடுகள் எழுந்தபோது அடுப்புத் தேர்வும் சுருங்கியது. மூன்றாம் மாடிக்கு விறகு ஏறாது. மரத்தூள் டின்னைப் பற்ற வைத்தால் மேல்வீட்டுக்காரி சும்மா இருக்கமாட்டாள். சில காலம் தாழ்வாரமே சமையற்கட்டானது.

தமிழக அரசு 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் தரத் தொடங்கியது. நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. அடுப்பு இலவசம், அதை எரிய வைப்பது இலவசமில்லை: 14.2 கிலோ சிலிண்டரின் விலையை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்க வேண்டும். கிருஷ்ணாயிலை அரை லிட்டர் வாங்கலாம், சுள்ளியை ஒரு கட்டு வாங்கலாம். கூலி நாளுக்கு நாள் வருகிற வீட்டில் இந்த வேறுபாடு சூட்டின் அளவைவிடப் பெரியது. ஐந்து கிலோ சிலிண்டர் வந்த பிறகுதான் இதைக் கொஞ்சமேனும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. குழாய் வழி எரிவாயு நகரில் மெல்லப் பரவி வருகிறது.

கரி முற்றிலும் போகவில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி இஸ்திரி வண்டிகளுக்கும் கறி சுடும் கடைகளுக்கும் வருகிறது. விறகடுப்பு பிரியாணி என்று பலகை வைத்தால் கூட்டம் சேர்கிறது. அம்மாக்கள் கண்ணெரிந்து விட்டுவிட்ட புகைக்கு இப்போது கூடுதல் விலை.

வீடுகளில் இல்லாமல் போனது தணல். குழந்தைக்குத் தலை ஊற்றிச் சாம்பிராணி போடக் குமுட்டியிலிருந்து நாலு கங்கு எடுப்பார்கள். இப்போது கேஸ் பர்னரின் மேல் கொட்டாங்கச்சியை வைத்துக் கங்காக்குகிறார்கள். அதற்கும் பொறுமையில்லாதவர்களுக்கு, தீக்குச்சி கிழித்தால் புகைகிற கப் சாம்பிராணி மளிகைக் கடையில் பெட்டியாகக் கிடைக்கிறது.