பருத்தி மானியப் பூசல்

பணக்கார நாடுகள், குறிப்பாக அமெரிக்கா, தம் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தை எதிர்த்து பிரேசிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் நடத்திய வழக்கும் பேச்சுவார்த்தையும் இப்பெயரில் அடங்கும்.

இதன் வேர் 1933-இல் இருக்கிறது. பெருமந்தத்தில் விலை சரிந்து நொடித்துப்போன உழவர்களைக் காப்பாற்ற அமெரிக்கா அன்று வேளாண் சட்டம் கொண்டுவந்தது. ஏழை உழவனுக்கு அரசு கைகொடுப்பதில் குற்றமில்லை. நெருக்கடி தீர்ந்த பிறகும் ஆதரவு நின்றபாடில்லை, அதுதான் சிக்கல். 2001-02 பருவத்தில் சுமார் 25,000 பருத்தி விவசாயிகளுக்காக அந்நாடு செலவிட்டது ஏறத்தாழ 300 கோடி டாலர். விலை விழுந்தாலும் ஈடு கிடைத்துவிடுவதால் சாகுபடிப் பரப்பைக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மிகுந்த பஞ்சு ஏற்றுமதிக்குப் போனது. 2001 இறுதியில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பஞ்சு 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது.

அந்தச் சரிவு மாலியின் கூட்டியாலா போன்ற ஊர்களில் நேரடியாக இடித்தது. அங்கே பருத்திக்கு 'வெள்ளைத் தங்கம்' என்று பெயர். மாடு பூட்டி உழுது, மழையை நம்பி விதைத்து, வெடித்த காயிலிருந்து குடும்பமே பஞ்செடுக்கும். ஊரோரம் குவித்துவைத்த பருத்திக்கு லாரி வரும்வரை காவல் இருப்பார்கள். விதையும் உரமும் கடனாகத் தந்த நிறுவனமே பருத்தியையும் வாங்கும். கடனைக் கழித்துக்கொண்ட பின் கையில் மிஞ்சுவதில்தான் மருந்துச் செலவும் பள்ளிச் செலவும். இந்தச் சரிவுக்கு முன்பே, விலை கட்டுப்படியாகாததால் 2000-இல் மாலி உழவர்கள் பலர் பருத்தி விதைக்கவே மறுத்தார்கள். அவ்வாண்டு விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

2003 ஜூன் 10 அன்று புர்கினா ஃபாசோவின் அதிபர் பிளேஸ் கம்போரே ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்கு நேரில் வந்து பேசினார். பெனின், சாட், மாலி ஆகியவையும் அவரோடு நின்றன. மானியத்தை நிறுத்துங்கள், நிறுத்தும்வரை இழப்பீடு தாருங்கள் என்பதே கோரிக்கை. செப்டம்பரில் அவ்வமைப்பின் கான்கூன் மாநாட்டில் வைக்கப்பட்ட வரைவோ, வேறு தொழில்களுக்கு மாற உதவுவதைப் பற்றிப் பேசியது. பருத்தியையே முக்கியப் பணப்பயிராக நம்பியிருந்த மக்களுக்கு அது அவமதிப்பாகவே பட்டது. மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது.

பிரேசில் 2002-இலேயே வழக்குத் தொடுத்திருந்தது. 2004-இல் வென்றது, 2005-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. பதிலடியாக அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளிலும் கைவைக்க 2009-இல் அனுமதி கிடைத்த பிறகே அமெரிக்கா இறங்கிவந்தது. பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர 2010-இல் ஒப்புக்கொண்டு, 2014-இல் மேலும் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பதிலடி கொடுக்கும் வலு இல்லாத ஆப்பிரிக்க நாடுகளுக்கு அத்தகைய இழப்பீடு கிடைக்கவில்லை. பூசலின் பெரிய அநீதி இதுவே.

உலக வர்த்தக அமைப்பின் 2015 நைரோபி மாநாடு வேளாண் ஏற்றுமதி மானியங்களுக்கு முடிவுகட்ட முடிவெடுத்தது. 2019 முதல் அக்டோபர் 7 உலகப் பருத்தி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதை முன்மொழிந்தவை அதே நான்கு நாடுகள். உள்நாட்டு மானியத்தை நிறுத்தும்படி அவை 2003-இல் வைத்த கோரிக்கையில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.