திண்டுக்கல் சமவெளியின் உழவு முறைகளும் மண் நுண்ணுயிரிகளும்

திண்டுக்கல் சமவெளி, பழனி மலைக்கும் சிறுமலைக்கும் அருகே அமைந்த, செம்மண் மிகுந்த பகுதியாகும். சோளம், நிலக்கடலை, பயறு வகைகள் இங்கு மானாவாரியாக விளைகின்றன. வெப்பம் மிகுந்த இத்தகைய மண்ணில் கரிமப் பொருள் விரைவில் சிதைவதால், உழவு முறை மண்ணின் வளத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

நாட்டுக் கலப்பைக் காலம்

மரத்தாலான நாட்டுக் கலப்பையின் கொழு, மண்ணைச் சுமார் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குக் கீறும், புரட்டிப் போடாது. சால்களுக்கிடையே உழப்படாத மண் எஞ்சுவதால் குறுக்கு உழவும் தேவைப்பட்டது. காளைகளின் வலிமையே ஆழத்துக்கு எல்லையாக இருந்தது. தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் நிலத்துக்குக் கரிமப் பொருளைத் திருப்பித் தந்தன. "சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது பழமொழி. கோடை மழையைத் தொடர்ந்து செய்யும் இவ்வுழவால் மழைநீர் மண்ணில் இறங்கும். பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும்.

இரும்புக் கலப்பையும் டிராக்டரும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை சைதாப்பேட்டை அரசுப் பண்ணையில் மேலைநாட்டுக் கலப்பைகள் சோதிக்கப்பட்டன. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், உள்ளூர் உழவரின் முறைகளைக் காரணமறியாமல் குறைகூறலாகாது என்று வாதிட்டார். பசுமைப் புரட்சிக்குப் பின் டிராக்டர் பரவியது. சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை, சுழல் கலப்பை (ரோட்டவேட்டர்) ஆகியன வந்தன. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது.

மண்ணுக்குள் நிகழ்வது

உழும்போது மண்ணுக்குள் காற்று புகுகிறது. பாக்டீரியாக்கள் பெருகிக் கரிமப் பொருளை விரைவாகச் சிதைக்கின்றன. அதிலிருந்து விடுபடும் தழைச்சத்தால் பயிர் செழிக்கிறது. ஆனால் மண்ணின் சேமிப்பு கரைகிறது. வேருடன் இணைந்து வாழ்ந்து மணிச்சத்தை ஈட்டித் தரும் வேர் உட்பூசணத்தின் இழைகள் அறுபடுகின்றன. இப்பூசணங்களோடு தொடர்புடைய குளோமாலின் என்னும் பொருளை அமெரிக்க ஆய்வாளர் சாரா ரைட் 1996இல் கண்டறிந்தார். பூசண இழைகளும் இத்தகைய பசைப் பொருள்களும் மண் துகள்களைக் கட்டிகளாகப் பிணைக்கின்றன. அவை குறைந்தால் மேல்மண் மாவாகி, மழை பட்டதும் ஏடு கட்டும். நீர் உள்ளிறங்காமல் ஓடிவிடும். ஒரே ஆழத்தில் மீண்டும் மீண்டும் சுழல் கலப்பை ஓட்டினால் அதன் கீழே இறுகிய அடுக்கும் உருவாகும்.

மாற்று வழிகள்

அடிமண் இறுகிய நிலங்களில் உளிக்கலப்பை கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உழவும், எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. உழாமல் விதைப்பதும் தமிழருக்குப் புதிதன்று: காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈர வயலில் உளுந்து, பயறு விதைப்பது நெடுநாள் வழக்கம்.

ஆனால் மானாவாரி நிலத்துக்கு அம்முறை அப்படியே பொருந்தாது. உழாவிட்டால் களை பெருகும். மண்ணை மூட வேண்டிய சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. எனவே உழவை அடியோடு விடுவதைவிட, ஈரப்பதம் பார்த்துத் தேவையான அளவே உழுவதும், மாடு தின்ற தட்டையைத் தொழுவுரமாக நிலத்துக்குத் திருப்புவதும் இச்சமவெளிக்கு ஏற்ற வழிகளாகும்.