அப்பாவின் பிளிமத்தும் இடது மரையும்

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதும்படி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அரிசி மண்டி. 1966இல் கடலூர் வியாபாரி ஒருவரிடமிருந்து 1951ஆம் வருடத்துப் பிளிமத் ஒன்றை வாங்கி வந்தார். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் கம்பெனி, கிரைஸ்லரிடமிருந்து பாகங்களை வரவழைத்து பம்பாய் குர்லாவில் பூட்டிய வண்டிகளில் அதுவும் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்தது. இங்கேயே பாகங்களைத் தயாரிக்கிறவர்கள் மட்டும் தொழில் நடத்தலாம் என்று 1953இல் அரசு முடிவெடுத்ததும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டிவிட்டன. அதற்குப் பிறகு அமெரிக்க வண்டி வைத்திருந்தவர்களுக்கு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும்தான் கதி.

எஞ்சின் சாதுவானது. ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும். வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருப்பதால் மேல்மூடி வெறும் தட்டைப் பலகை போலத்தான். அதைக் கழற்றிக் கரி சுரண்ட நானும் மேஸ்திரியும் போதும். பாட்டரி 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும். ஒரு எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட, அம்பியர் முள் தலைகீழாக ஆடியது. எனக்கோ வேறு தொல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் மில்லிமீட்டரில் வளர்ந்தவன் நான். பதினாறில் ஒன்பது அங்குல ஸ்பானர் எது என்று தெரியவே ஒரு வருடம் ஆயிற்று!

1969இல் விழுப்புரத்தில் உறவினர் வீட்டில் இருந்தபோது அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். கண்டமங்கலம் தாண்டியதும் பின்பக்க இடது டயர் வெடித்தது. நான்தான் இறங்கினேன். போல்ட் அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தேன். தலை முறிந்து கையோடு வந்தது. பின்சீட்டில் அம்மாவின் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வழியாக வந்த ஃபார்கோ லாரி டிரைவர் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இந்தக் கம்பெனி வண்டிக்கு இடப்பக்கம் இடது மரை. நீ இறுக்கிக்கிட்டு இருக்க" என்றார். சக்கரம் சுழல்கிற திசையில் போல்ட் தானாகக் கழன்றுவிடாதிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். போல்ட் தலையில் எல் என்ற ஆங்கில எழுத்துகூட இருந்தது. மூன்று வருடமாகப் பார்த்ததுதான். ஆனால் இடது என்றால் எனக்கு 'கோஷ்', அதற்கு முதல் எழுத்து ஜி. எல்லைக் கம்பெனி முத்திரை என்றே நினைத்திருந்தேன்.

மீதி நான்கு போல்ட்டோடு போய்ச் சேர்ந்தோம். விடியற்காலையில் குடல்வால் அறுவை நடந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா பிழைத்தார், 1998 வரை இருந்தார்.

1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியது. எங்கள் வண்டியோ லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூடத் தராது. மறு வருடம் விற்றுவிட்டோம். வாங்கியவர் டீசல் எஞ்சின் மாட்டி டாக்சியாக ஓட்டினார்.

முறிந்த போல்ட்டின் தலையை அப்பா மண்டிக் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.