படியளத்தல்: மதுரை வீட்டு வழக்கில் நன்றியறிதலின் வரலாறு

இக்காலத் தமிழில் ‘நன்றி’ என்பது பெற்றுக்கொண்டவர் வாயால் சொல்லும் சொல்லாக நின்றுவிட்டது. பழைய வழக்கிலோ அது கொடுத்தவர் செய்த நன்மையையே குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பான ‘செய்ந்நன்றியறிதல்’ என்பதற்குச் செய்த நன்மையை அறிந்திருத்தல் என்பதே பொருள். அவ்வாறாயின், ஒரு வீடு தான் பெற்ற நன்மையை எதைக் கொண்டு அறிந்தது, எப்படி அறிவித்தது என்ற வினா எழுகிறது. மதுரை நகரிலும் வைகை பாயும் அதன் சமவெளியிலும் இதற்கான விடையைப் பெரும்பாலும் தானியத்திலும் அதை அளந்த பாத்திரத்திலுமே தேட வேண்டியிருக்கிறது. ‘படி’ என்ற சொல் அளவைப் பாத்திரத்தையும், அதனால் அளந்து தரப்பட்ட நாட்கூலியையும் உணவையும் ஒருங்கே குறித்தது. கோயிலில் இறைவனுக்கு நாள்தோறும் படைக்க வேண்டிய அரிசி முதலிய பண்டங்கள் ‘அமுதுபடி’ எனவும், நாள்வழிபாட்டுச் செலவுகளுக்கு வகுத்த திட்டம் ‘படித்தரம்’ எனவும் பெயர் பெற்றன. வீட்டு அடுக்களையும் கோயில் மடைப்பள்ளியும் ஒரே சொல்லைப் புழங்கியது தற்செயலன்று.

தானியம் வழிபாட்டுப் பொருளாகும் காட்சி சங்க நூல்களிலேயே காணக் கிடைக்கிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது எனக் கருதப்படும், நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், மழை மூடிய வானத்தில் பொழுது தெரியாமற்போகவே, தட்டில் வைத்த பிச்சி அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்த பெண்கள், இரும்பு விளக்கில் நெய்த்திரி ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். அங்கே பூசகரும் இல்லை, மந்திரமும் இல்லை. பிற்காலத் திருமண வீடுகளில் குத்துவிளக்கின் அருகே நெல்லோ அரிசியோ தலைதட்டாமல் நிரப்பி வைக்கப்படும் ‘நிறைநாழி’ இந்தப் பழைய விளக்கு வழிபாட்டின் நெருங்கிய உறவு எனக் கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இதைவிடச் செறிவான ஒரு வீட்டுக் காட்சியைத் தருகிறது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குலப் பெண்ணான மாதரி அளித்த மனையில், செல்வக் குடியில் பிறந்த கண்ணகி தன் கையாலேயே காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டித் துணை நிற்கிறாள். சமைத்து முடித்ததும் கண்ணகி கோவலனின் அடி கழுவி, மயங்கிக் கிடக்கும் நிலமகளைத் தெளிவிப்பவள்போலத் தரையில் நீர் தெளித்து, அதன்மேல் குமரி வாழையின் குருத்திலையை விரிக்கிறாள். உண்ணும் கோவலனைக் காணும் ஆயர் மகளிர் அவனை ஆயர்பாடியில் யசோதையிடம் வளர்ந்த கண்ணனாகவே எண்ணி வியக்கின்றனர். தெய்வம் கோயிலிலிருந்து வரவில்லை; எளிய வீட்டின் இலைமுன் அமர்ந்த விருந்தினனிடம் தோன்றுகிறது. கணவனைப் பிரிந்திருந்த நாள்களில் அறவோரையும் விருந்தினரையும் பேண இயலாமற்போனதே தன் இழப்பு என்று கண்ணகி சொல்வதும் இந்த இடத்தில்தான். அதுவே அவனுக்கு அவள் பரிமாறிய கடைசி உணவு என்பதைக் காப்பியம் அறிந்தே அத்தனை பொறுமையாக அடுப்படியை வருணிக்கிறது எனத் தோன்றுகிறது.

பத்தி இயக்கம் வளர்ந்தபின் தெய்வமே வீட்டு உணவின் கணக்குக்குள் நுழைந்தது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளில்லாத வந்தி என்ற பிட்டு விற்கும் மூதாட்டிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, வேலை செய்யாமல் பிரம்படி பட்ட கதையைத் திருவாசகம் முன்பே சுட்டுகிறது. பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பின்னர் பரஞ்சோதி முனிவரும் திருவிளையாடல் நூல்களில் அதை விரித்துப் பாடினர். ஆவணி மூலத் திருவிழாவின்போது ஆரப்பாளையத்தை அடுத்த புட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. இக்கதையின் நுட்பம் பேரத்தில் இருக்கிறது. உதிராத பிட்டு விற்பனைக்கு, உதிர்ந்தது கூலிக்கு என்பது ஒப்பந்தம். அன்றைக்கென்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோகிறது. தெய்வம் காணிக்கை பெறவில்லை, கூலி பெறுகிறது. கிழவியும் வரம் கேட்கவில்லை, வேலைக்கு ஆள் கேட்கிறாள்.

இதன் மறுபக்கமே மார்கழித் தேய்பிறை அட்டமியில் நிகழும் அட்டமிச் சப்பரம். பார்வதி ஓர் எறும்பைச் சிமிழில் அடைத்துவைத்து, அதற்கும் இறைவன் உணவளித்தானா எனத் திறந்து பார்க்க, எறும்பின் அருகே அரிசி இருந்தது என்ற கதையை ஒட்டி, எல்லா உயிர்களுக்கும் படியளக்கும் விழாவாக இது கொண்டாடப்படுகிறது. மீனாட்சி அம்மனும் சுந்தரேசுவரரும் தனித்தனிச் சப்பரங்களில் வெளிவீதிகளை வலம்வர, அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம்பிடித்து இழுக்க, வழிநெடுக அரிசி தூவப்படுகிறது. தரையில் சிதறியதைப் பெண்கள் குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்கின்றனர். வெளிவீதிகள், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், அதாவது 1840களையொட்டி உருவானவை. எனவே விழா எவ்வளவு பழையதாயினும் இன்றைய வலம் இவ்வீதிகளுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. இச்சப்பரங்கள் நிலைவந்து சேரும் தேரடி, அதே பிளாக்பர்னுக்கு நகரத்தார் எழுப்பிய விளக்குத்தூணின் அருகிலேயே இருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழையும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1939 ஜூலை 8 வரை மறுக்கப்பட்டிருந்ததையும், எல்லா உயிர்க்கும் என்ற இவ்விழாவின் சொல்லோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அளவை கோயிலுக்குள்ளும் உண்டு. வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) வெட்டுவித்தபோது கிடைத்ததாகச் சொல்லப்படும் பிள்ளையார், பெயரிலேயே மூன்று குறுணியைத் தாங்கி முக்குறுணிப் பிள்ளையார் ஆனார். விநாயகர் சதுர்த்தியன்று அவருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைக்கப்படுகிறது. பழைய கணக்கு வாய்பாட்டின்படி 8 நாழி ஒரு குறுணி; மதுரைக் கணக்கிலோ 6 படி. அளவைகள் ஊருக்கு ஊர் மாறிய காலத்தின் தடம் இது.

சமவெளியின் களத்துமேட்டில் ‘படி’ என்ற சொல்லுக்கு வேறு முகம் இருந்தது. நெல் பொலியை அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவதும், சாமிக்கு முதலில் ஒதுக்குவதும், ஊர்த்தொழிலாளருக்குரிய ‘சுதந்திரம்’ எனப்பட்ட தானியப் பங்கைக் களத்திலேயே அளந்துவிடுவதும் வழக்கம். ஆயினும் தானியக் கூலிக்குக் கட்டுப்பட்டு ஒரு நிலவுடைமையாளரிடம் உழைத்தவர் பெயர் ‘படியாள்’. அவர் வாயில் ‘படியளக்கிற மகராசன்’ என்ற தொடர் இறைவனைவிட நிலக்காரரையே அடிக்கடி சுட்டியது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளை நெல்வயலாக்கியபோது அளக்கப்பட்ட நெல் பெருகியது, அளப்பவர் மாறவில்லை. அட்டமிச் சப்பரத்தின் கருத்தை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கூர்மை தெரிகிறது: படியளப்பவர் பண்ணையார் அல்லர் என்று தெருவில் ஆண்டுக்கொரு முறை அறிவிக்கும் விழா அது.

வீட்டுக்குள் இவ்வழக்கு பெண்களின் கையில் வளர்ந்தது. உலைக்கு அரிசி களையும்முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடியரிசி முறை கோயில்களுக்கும் மடங்களுக்கும் உதவியதோடு, தென்மாவட்டச் சீர்திருத்தத் திருச்சபைகளிலும் காணிக்கையாக இடம்பெற்றது. பேச்சிலும் இதே கவனம் தொடர்ந்தது. பானையில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்னாமல் ‘நிறைஞ்சு போச்சு’ என்பர். விளக்கை ‘அணை’ என்னாமல் ‘அமர்த்து’, ‘குளிர வை’ என்பர். இவற்றை வெறும் மங்கல வழக்கு என்று இலக்கணம் வகைப்படுத்தி நகர்ந்துவிடும். ஆனால் வெறுமையின் முன்னும் நிறைவைச் சொல்லும் இப்பேச்சு, கடன் வாங்கி உலை வைத்த வீடுகளிலும் வழங்கியது. அங்கே அது மரபு மட்டுமன்று, மானமும் கூட.

1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து கிலோவும் லிட்டரும் வந்து, கடைகளிலிருந்து படி மெல்ல மறைந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அளப்பது மின்னணுத் தராசு. அரிசி பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டப்படுகிறது, அதை அள்ள உள்ளே கிடப்பது பெரும்பாலும் பழைய உழக்குதான். மார்கழியில் வெளிவீதியில் பொறுக்கிய சில மணிகளைப் பலரும் சமைப்பதில்லை. புழுதியை ஊதிவிட்டு, சிறு துணியில் முடிந்து, அந்த ரேஷன் அரிசிக்கு அடியில் புதைத்து வைக்கின்றனர்.