பீட்டர் தங்கராஜ்: படைமுகாம் வழி வந்த காற்பந்து வீரர்

இந்தியக் காற்பந்து வரலாறு பெரும்பாலும் கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அடுத்த இடம், பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீமின் புகழால், ஐதராபாத்துக்குக் கிடைக்கிறது. பீட்டர் தங்கராஜும் (1935–2008) இவ்விரு நகரங்களின் வீரராகவே அறிமுகம் பெறுகிறார். அது பிழையன்று, அவர் பிறந்தது ஐதராபாத்தில், பின்னாளில் புகழுடன் ஆடியது கல்கத்தாவில். ஆனால் அவரைக் கோல் காப்பாளராக உருவாக்கிய களம் நீலகிரியின் வெலிங்டன் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இளமையில் மார்னிங் ஸ்டார், செகந்திராபாத் பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் ஆடிய தங்கராஜ், 1953இல் இராணுவத்தில் சேர்ந்தார். வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் அவர் முதலில் ஆடியது முன்களத்தின் நடுவில். பயிற்சியாளரின் அறிவுரைப்படியே கோல் காக்க நின்றார். இம்மாற்றத்தைத் தற்செயல் என ஒதுக்கிவிட இயலாது. அக்காலக் கழக வீரர் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். படைவீரருக்கோ ஊதியம், உணவு, தங்குமிடம், ஒழுங்கான உடற்பயிற்சி அனைத்தும் ஓரிடத்தில் அமைந்தன. முன்கள வீரர் ஒருவரைப் புதிய இடத்திற்குப் பழக்கும் பொறுமை அத்தகைய அமைப்புக்கே எளிது.

பயன் விரைவில் தெரிந்தது. அவ்வணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888இல் படையணிகளுக்கெனத் தொடங்கப்பெற்ற அப்போட்டியில், 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் வெல்லும் வரை கோப்பை பிரிட்டிஷ் அணிகளின் கைகளிலேயே இருந்தது என்பதை நினைத்தால் இவ்வெற்றிகளின் அருமை விளங்கும்.

வரலாற்றாய்வாளர் நின்று நோக்கவேண்டிய இடம் சந்தோஷ் கோப்பை. மாநிலங்களுக்கிடையிலான இப்போட்டியில் படைத்துறையினர் 'சர்வீசஸ்' என்னும் தனி அணியாக ஆடுவர். ஆகவே வெலிங்டனில் வளர்ந்த வீரரின் ஆட்டம் சென்னை மாநிலக் கணக்கில் ஏறவில்லை. 1960–61இல் சர்வீசஸ் முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது அதன் தலைவர் தங்கராஜே. தமிழ்நாட்டு அணி அக்கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. 2012 இறுதியாட்டத்தில் அது தோற்றதும் சர்வீசஸ் அணியிடமே! மாநில வாரியான பட்டியலை மட்டும் வைத்துத் தமிழகக் காற்பந்தை மதிப்பிடும் முறை இங்குத்தான் தடுமாறுகிறது.

பன்னாட்டுக் களத்தில் அவர் 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், உடல்நலக் குறைவிலிருந்து மீண்டு இறுதியாட்டத்தில் கோல் காத்தார். இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி கண்டித்ததால், அன்று அரங்கமே இந்திய அணிக்கு எதிராக முழங்கிக்கொண்டிருந்தது. பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோலடிக்க, தென்கொரியா 2–1 என வீழ்ந்தது.

இதற்குள் அவர் கல்கத்தா சென்றுவிட்டிருந்தார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று கழகங்களிலும் ஆடினார். அர்ஜுனா விருது 1967இல் கிட்டியது. 1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். 2008இல் அவர் மறைந்தது, வெலிங்டனுக்கும் கல்கத்தாவுக்கும் அப்பால், எஃகு நகரமான பொகாரோவில்.