கோட்டில் தோன்றும் மெய்ப்பாடு



வண்ணம் தீட்டாது கோட்டால் மட்டும் அமைந்த சித்திரத்தைப் பழந்தமிழர் ‘புனையா ஓவியம்’ என்றனர். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று கூறி, அதனை எட்டாக வகுத்தார் தொல்காப்பியர். இவ்விரண்டும் ஒன்றுகூடிய கலை வரலாற்றைச் சிறிது காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் புகைப்படக் கருவி பரவிற்று. கண்ட உருவைக் கண்டவாறே காட்ட அக்கருவியே போதுமாயின், ஓவியனுக்கு எஞ்சிய பணி யாது? அகத்தைக் காட்டுவதே என்றனர் குறியீட்டியக் கலைஞர். அவ்வியக்கத்தின் கொள்கை அறிக்கையைக் கவிஞர் ழான் மொரேயாஸ் 1886இல் பாரிசில் வெளியிட்டார். ஓதிலோன் ரெதோன் கரிக்கோலால் கனவையும் அச்சத்தையும் வரைந்தார். இங்கிலாந்தின் ஆப்ரி பியர்ட்ஸ்லி, ஜப்பானிய மர அச்சுப் படங்களில் பாடம் கற்று, கறுப்பு மையால் மனித உருவங்களை நீட்டியும் வளைத்தும் தீட்டினார். ஆஸ்கார் வைல்டின் ‘சலோமி’ நாடகத்துக்கு அவர் வரைந்த படங்கள் 1894இல் வெளிவந்தன. ‘நலிவுக் கலை’ என்று பலர் பழித்தனர். காசநோயால் 1898இல் அவர் மறைந்தபோது வயது 25.

நம் நாட்டிலும் கோடு தனக்குரிய வழியில் வளர்ந்தது. கீரனூரில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1969இல் வந்த காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி அண்ணலைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் பல கோலங்களில் வரைந்தார். அவற்றில் நாம் காண்பது அளவெடுத்த உடலன்று; மன உறுதி. கி. ராஜநாராயணன் எழுத்துக்கு அவர் வரைந்த கரிசல் மாந்தரும் அத்தகையோரே.

மண்ணூர்பேட்டையில் நான் ஆசிரியனாயிருந்தபோது, ஒரு மாணவன் தன் தந்தையை வரைந்தான். அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் உழைத்தவர். படத்தில் தலையினும் கைகள் பெரியனவாயிருந்தன. சிவப்பு மையால் வட்டமிட்டு, பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். ஆதிமூலத்தின் காந்தியைக் கண்ட பின்னரே, நான் வட்டமிட்டது பிழையன்று, மெய்ப்பாடு என்று உணர்ந்தேன். அதற்குள் அம்மாணவன் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான்.

ஆதலின், அளவை முதலில் பயிலுங்கள். பின்னர் அளவு மாறிய படமொன்றைக் காணின், இவ்வுறுப்பு ஏன் மாறியது என்று வினவுங்கள். விடை அப்படத்திலேயே இருக்குமாயின், அது பிழையாகாது.